வால் முளைத்த கார்

1957 ஜூன் 15ஆம் தேதி, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்ஸா நகரில் ஒரு புத்தம்புதுக் காரைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மாநிலத்தின் பொன்விழாவுக்காக நடந்த வைபவம் அது. அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லிக் கான்கிரீட்டில் அறை கட்டி, தங்க நிறமும் வெள்ளையும் கலந்த பிளிமத் பெல்விடியர் காரை உள்ளே இறக்கினார்கள். 2007இல் பெட்ரோல் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டால்? அதற்காகக் கூடவே 10 காலன் பெட்ரோல்! 2007இல் நகரத்தின் ஜனத்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாக ஊகிப்பவருக்கோ அவர் வாரிசுக்கோ கார் பரிசு.

50 வருஷம் கழித்தும் பழசாகாத வடிவம் என்று நம்பித்தான் அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நம்பிக்கை எப்படி வந்தது, அதற்கு அந்தக் கம்பெனி என்ன விலை கொடுத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இன்று படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள், முக்கியமாக மெக்கானிக்கல்காரர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

அமெரிக்கக் கார் உலகில் வடிவத்துக்கென்று தனி இலாகா வைத்துச் சாதித்தது ஜெனரல் மோட்டார்ஸ். ஹார்லி எர்ல் 1927இல் அங்கே சேர்ந்தார். வருஷா வருஷம் காரின் தோற்றத்தை மாற்று, போன வருஷக் கார் வைத்திருப்பவனுக்கே அது பழசாகத் தெரிய வேண்டும் என்பது தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோனின் வியாபார சூத்திரம். எர்ல் அதற்கு உருவம் கொடுத்தார். பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து மயங்கிய எர்லின் குழு, 1948 காடிலாக்கின் பின் ஓரங்களில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு சின்ன மேடுகளை எழுப்பியது. டெயில் ஃபின் பிறந்த கதை இதுதான்.

கிரைஸ்லரோ எஞ்சினியர்களின் கம்பெனி. அதன் தலைவர் கே.டி. கெல்லர், தொப்பி போட்ட மனிதர் தொப்பியைக் கழற்றாமல் ஏறி உட்காரும் உயரம் காருக்கு வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நியாயமான பேச்சுத்தான், ஆனால் ஜனங்கள் வாங்கவில்லை. 1954இல் மார்க்கெட்டில் கம்பெனியின் பங்கு 13 சதவீதம் அளவுக்கு இறங்கியது. காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் 25 கோடி டாலர் கடன் வாங்கி, வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

எக்ஸ்னரின் 1955 மாடல்கள் நன்றாக ஓடின. 1957 மாடல்கள் வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. தாழ்ந்த கூரை, மெல்லிய தூண்கள், பின்னால் வாள் மாதிரி எழுந்த துடுப்பு. திடீரென்று 1960 பிறந்துவிட்டது என்ற பொருளில் பிளிமத்துக்கு விளம்பரம் செய்தார்கள். வெறும் தகட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நீளவாக்கில் படுத்திருக்கும் டார்ஷன் பார் வைத்தார்கள். (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் மைல்டு ஸ்டீல் தண்டை முறுக்கி முறுக்கி உடைத்தோமே, அந்தத் தத்துவம்தான். நாம் உடைத்தோம், அவர்கள் சவாரி செய்தார்கள்!) டார்க்ஃபிளைட் என்ற மூன்று வேக ஆட்டோமேடிக் கியர் பெட்டியைப் பட்டனை அழுத்தி மாற்றலாம். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வண்டி.

1956 கோடை முடிவில் ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன், கிரைஸ்லர் வளாகத்தில் நிறுத்தியிருந்த இந்தப் புதுக் கார்களை வேலி வழியாகப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சகாக்களிடம் சொன்னார். அங்கே ஒரே பதற்றம். 1959க்காக வரைந்து வைத்திருந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். 1959 காடிலாக்கின் ராட்சத வால் அந்தப் பதற்றத்தின் குழந்தை.

ஆனால் வாங்கியவர்கள் கதை வேறு. மழை பெய்தால் காருக்குள் தண்ணீர். ஹெட்லைட்டுக்கு மேல் துரு. பெயின்ட் உரிந்தது, சில வண்டிகளில் டார்ஷன் பாரே உடைந்தது. வரைபலகையில் தவறு இல்லை. பாடி, ஸஸ்பென்ஷன் இரண்டும் ஒரே நேரத்தில் புதுசு. போதுமான சோதனை ஓட்டம் இல்லாமல், தேதி வந்துவிட்டது என்று உற்பத்தியை ஆரம்பித்துவிட்டார்கள். கதவு இடைவெளியும் ரப்பர் பீடிங்கும் படத்தில் தெரியாது, பட்டறையில்தான் தெரியும். நானும் ஒரு தொழிற்சாலையில், "இன்னும் இரண்டு மாதம் சோதனை வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, வெளியீட்டுத் தேதி முன்னால் தோற்றுப்போனவன். அதனால்தான் இந்தக் கதையை விட மனம் வரவில்லை.

1957இல் பிளிமத் மீண்டும் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அடுத்த வருஷமே பொருளாதார மந்தம் வந்தது. எல்லோருக்கும்தான் அடி, ஆனால் கிரைஸ்லரின் உற்பத்தி ஏறக்குறைய பாதியானது. ஒருமுறை நனைந்தவன் இன்னொருமுறை வருவானா? அதே நேரத்தில் சின்னக் காரான ராம்ப்ளரும் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனும் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தன. கிரைஸ்லரின் டி சோட்டோ 1960 நவம்பரில் மூடப்பட்டது. பம்பாய் பிரீமியர் கம்பெனியின் லாரிகள் மூலம் நம்மவர்களுக்கும் பழக்கமான பெயர் அது. எக்ஸ்னர் 1961இல் வெளியேற்றப்பட்டார்.

கிரைஸ்லர் எழுந்தது எப்படி என்றால், வாலால் அல்ல. 1960 மாடல்களின் பாடியைத் துருத்தடுப்புத் தொட்டிகளில் முக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். 1963 மாடல்களுக்கு எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு எல்லாவற்றுக்கும் 5 வருஷம் அல்லது 50,000 மைல் உத்தரவாதம் எழுத்தில் கொடுத்தார்கள். போட்டியாளர்கள் அப்போது கொடுத்தது அதைவிடக் குறைவு!

டல்ஸாவுக்கு வருவோம். 2007 ஜூனில் குழியைத் திறந்தபோது கான்கிரீட் அறைக்குள் தண்ணீர். மேலே தூக்கிய கார் முழுக்கச் சேறும் துருவும். எஞ்சின் ஓடுகிற நிலையில் இல்லை. இதற்குக் கிரைஸ்லரைக் குறை சொல்ல முடியாது, கசிந்தது கான்கிரீட். ஜனத்தொகையை இரண்டாயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில் ஊகித்தவர் 1979இலேயே காலமாகிவிட்டதால் கார் அவர் குடும்பத்தாருக்குப் போனது. இப்போது இல்லினாய் மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

அந்த ஊர்க்காரர்கள் சளைத்தவர்கள் இல்லை. 1998இலேயே இன்னொரு பிளிமத்தை, ப்ரௌலர் என்ற மாடலை, 2048இல் திறப்பதற்காக அடைத்து வைத்துவிட்டார்கள். இந்த முறை தரைக்கு மேலே. பிளிமத் என்ற பெயர்தான் 2001இல் நின்றுபோயிற்று.