கணிக்கத்தக்க பகுப்பாய்வு

மெய்யெண்களிலும் தொடர்ச்சியான சார்புகளிலும் 'இருக்கிறது' என்று நிறுவப்பட்டவற்றுள் எவற்றை ஒரு நிரலால் வேண்டிய துல்லியத்துக்குக் கண்டடைய முடியும் என்று ஆராயும் கணிதத் துறை இது. ஆலன் டூரிங்கின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையே இதன் ஊற்று. எண்களை அவர் தசம இலக்கங்களால் வரையறுத்ததில் ஒரு சிக்கல் இருந்தது. 0.333… என இலக்கம் இலக்கமாக வரும் எண்ணை 3ஆல் பெருக்கவேண்டும் என்று கொள்வோம். அடுத்து வருவது 2 என்றால் விடை 1க்குக் கீழே போகும். 4 என்றால் மேலே போகும். 3கள் நீளும்வரை விடையின் முதல் இலக்கத்தைக்கூட எழுத முடியாது. 1937இல் வந்த திருத்தக் குறிப்பில் டூரிங், கணிதவியலாளர் புரோவரைப் பின்பற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடைவெளிகளால் எண்ணைக் குறித்தார். எண்ணை எந்த வடிவில் தருகிறோம் என்பதே கணிக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது என்ற உண்மை அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

வரம்புக்குள் ஏறும் தொடர்முறைக்கு எல்லை உண்டு என்பது கல்லூரிப் பாடம். அந்த எல்லை கணிக்கத்தக்கதாக இருக்கவேண்டியதில்லை என்று எர்ன்ஸ்ட் ஸ்பெக்கர் 1949இல் காட்டினார். சாரம் இதுதான்: நிரல்களை வரிசைப்படுத்தி, முதலாவது ஓடி நின்றால் 1/2, இரண்டாவது நின்றால் 1/4, மூன்றாவது நின்றால் 1/8 என்று கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டுத்தொகை ஏறும், 1ஐத் தாண்டாது. எல்லையை 1/1024 பிழைக்குள் அறிந்தால், கூட்டுத்தொகை அதை நெருங்கும்வரை காத்திருந்து, முதல் எட்டு நிரல்களில் அதுவரை நிற்காதவை இனி ஒருபோதும் நிற்கமாட்டா என்று சொல்லிவிடலாம். இப்படி எல்லா நிரல்களுக்கும் சொல்ல எந்த நிரலாலும் முடியாது என்பது டூரிங் ஏற்கெனவே நிறுவியது. ஆகவே குறை எல்லையில் இல்லை. எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம் என்ற தகவல்தான் கிடைக்கவில்லை.

இவை வலிந்து புனைந்த எடுத்துக்காட்டுகள் என்ற மறுப்பு உண்டு. ஆனால் 1981இல் மரியன் பூர்-எல்லும் இயன் ரிச்சர்ட்ஸும் இயற்பியலின் முப்பரிமாண அலைச் சமன்பாட்டையே எடுத்து, கணிக்கத்தக்க தொடக்க நிலையிலிருந்து கணிக்க முடியாத தீர்வு பிறப்பதைக் காட்டினர். தொடக்கச் சார்பின் வகைக்கெழு கணிக்க முடியாதது என்பதே அதன் சூட்சுமம். அத்தகைய சார்பை ஜான் மைஹில் 1971இலேயே அமைத்திருந்தார். 2002இல் வைரௌக்கும் சோங்கும், வகைக்கெழுக்களையும் சேர்த்து அளக்கும் சோபலெவ் வெளிகளின் அளவையைக் கொண்டால் தீர்வு கணிக்கத்தக்கதே என்று நிறுவினர். இதைப் பழைய முடிவின் வீழ்ச்சியாகக் கொள்வது தவறு. வகைக்கெழுவைப் பற்றிய தகவலையும் உள்ளீட்டிலேயே கொடுத்தால் விடை வரும் என்பதுதான் அதன் பொருள்; டூரிங்கின் திருத்தக் குறிப்பு சொன்னதும் அதுவே.

அண்மைக் காலத்தில் சமவாய்ப்புத் தன்மையும் பின்னப் பரிமாணமும் இத்துறைக்குள் வந்துள்ளன. எல்லாத் திசைகளிலும் ஓர் அலகு நீளக் கோட்டுத்துண்டைக் கொண்ட கேக்கியா கணங்களின் பரிமாணம் தளத்தில் 2 என்ற பழைய தேற்றத்துக்கு, 2018இல் ஜாக் லட்ஸும் நீல் லட்ஸும் இவ்வழியில் புதிய நிறுவல் தந்தனர்.