பகை நடுவே ஒரு நட்புக் களம்

போர்க்கலை பகைவனை வெல்வதற்காகத் தோன்றியது. ஆனால் அதனைப் பயில்வதற்கு நண்பன் ஒருவன் வேண்டும். எத்தனை ஆண்டுகள் தனியே நின்று காற்றைக் குத்தினாலும், எதிரே நிற்பவனுடைய கை நம் கைமீது படும் கணத்தில் விளங்கும் உண்மை விளங்குவதில்லை. எதிரே நிற்பவனோ நம்மைக் கொல்ல வந்தவனாக இருத்தலும் ஆகாது. பாடம் முடியுமுன் மாணாக்கன் முடிந்துவிடுவான். கம்பெடுத்துச் சிலம்பம் ஆடியவர்கள் இதனை நன்கு அறிவார்கள். அடிக்கத் தெரிந்தவனிடம், அடியை அடக்கவும் தெரிந்தவனிடம், நம் உடம்பை நம்பி ஒப்படைத்தாலன்றிக் கலை கைவராது.

இவ்வுண்மை மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளானது சீனத்திலும் ஜப்பானிலும் ஆகும். நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றையொன்று ஐயுற்றும், பல முறை போரில் மோதியும் வந்த இவ்விரு நாடுகளின் போர்க்கலை வல்லார், நட்பு முறையில் கைகோத்துப் பொருதுபார்த்த வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

முதலில் நட்பில்லாமல் கற்ற கதை ஒன்றைக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டில் சீனத்தின் கீழைக் கடற்கரையைக் கொள்ளையர் சூறையாடினர். ஜப்பானியக் கொள்ளையர் என்று பெயர் பெற்ற அக்கூட்டத்தாருள் சீனரும் பலர் இருந்தனர். அவர்கள் கையிலிருந்த நீண்ட ஜப்பானிய வாளுக்கு முன் சீனப் படையினர் நிலைகுலைந்தனர். அவர்களை அடக்கிய தளபதி சீ ஜிகுவாங், 1561ஆம் ஆண்டில் போர்க்களத்தில் ஜப்பானிய வாள்முறைச் சுவடி ஒன்றைக் கைப்பற்றினார்; அம்முறையைத் தம் படையினர்க்கும் பயிற்றுவித்தார். பகைவனிடமிருந்து கற்கலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தச் சுவடிக்குக் கொடுத்த விலை குருதி. அதனைப் படித்துக் காட்டவும், பிழை திருத்தவும் எதிரில் ஆசான் இல்லை.

உயிர்ச்சேதம் இன்றிக் கொலைக்கலையைப் பயில்வது எவ்வாறு? இதற்கு ஜப்பானியர் கண்ட விடை ஒருவகை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாளுக்குப் பதில் மூங்கில் வாளும், உடலுக்குக் காப்புக் கவசமும் வழக்கத்துக்கு வந்தன. 1882இல் டோக்கியோவில் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ, பழைய மற்போர் முறைகளிலிருந்த ஆபத்தான அடிகளையும் குத்துகளையும் தனிப் பயிற்சி வரிசைகளில் ஒதுக்கிவைத்தார். எஞ்சிய வீழ்த்துகளையும் பிடிகளையும் கொண்டு, இருவரும் முழுவலிமையோடு பொருதலாம் என்று வகுத்தார்.

சீனத்தின் தென்பகுதியில் கண்ட விடை வேறு வகை. இருவரும் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிவைத்துக்கொள்வார்கள். ஒருவர் தள்ளுவார், மற்றவர் எதிர்த்துத் தள்ளாமல் அவ்விசையைத் தோல்வழியே உணர்ந்து வழிமாற்றுவார். கண்ணைவிடக் கைக்கே அங்கு வேலை அதிகம். எதிரியின் எண்ணம் அடியாக உருவெடுக்குமுன் அழுத்தமாக வெளிப்படும். அதனைப் படிக்கக் கற்பதே அப்பயிற்சியின் நோக்கம். ஓக்கினாவாத் தீவின் கராத்தேயிலும் இதே பயிற்சி உண்டு. அதற்கு அங்கே ‘காக்கியே’ என்று பெயர். இவ்வொற்றுமை தற்செயலாக வந்ததன்று.

ஓக்கினாவா முன்னாளில் ரியூக்கியூ என்னும் தனி அரசாக இருந்தது. 1372 முதல் சீனப் பேரரசருக்குத் திறை செலுத்தி, வாணிகமும் கல்வியும் பெற்றுவந்தது. 1879இல் ஜப்பான் அதனைத் தன் மாவட்டமாக ஆக்கிக்கொண்டது. எனினும் கடல்வழி உறவு அறுந்துபோகவில்லை. நாஹா நகரத்தவரான ஹிகாவோன்னா கன்ரியோ 1870களில் சீனத்தின் பூச்சௌ நகருக்குச் சென்று அங்குள்ள ஆசானிடம் போர்க்கலை பயின்று திரும்பினார். அவருடைய மாணாக்கரே, பின்னாளில் ‘கோஜூ’ என்னும் கராத்தே மரபை நிறுவிய மியாகி சோஜுன்.

அடுத்த தலைமுறையில் எதிர்த்திசையில் ஒருவர் வந்தார். பூச்சௌவைச் சார்ந்த தேயிலை வணிகர் வூ ஷியன்குய் என்பவர், சீனக் குடியரசு பிறந்த காலத்தையொட்டி நாஹாவில் குடியேறினார். ஊரார் தம் வழக்கப்படி அவரைக் கோ கென்கி என்று அழைத்தனர். நாளடைவில் ஜப்பானியக் குடும்பப் பெயரும் பூண்டார். பிழைப்புக்காக வேற்றூர் சென்றோர் தட்டுமுட்டுச் சாமான்களோடு தம் ஊரின் பழக்கவழக்கங்களையும் எடுத்துச் செல்வது உலக இயல்பு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் வாழும் நமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோ கென்கி தேயிலையோடு எடுத்துச் சென்றது, வெண்கொக்கு முறை எனப்படும் பூச்சௌ நகரத்துக் குத்துவரிசை.

மியாகி சோஜுன், மாபுனி கென்வா, கியோடா ஜுஹாட்சு முதலிய ஓக்கினாவா ஆசான்கள் அவ்வணிகரோடு நட்புக் கொண்டனர். இவர்கள் ஏதுமறியாத இளைஞர் அல்லர். தத்தம் கலையில் பெயர் பெற்றவர்கள். 1920களில் நாஹாவில் இவர்கள் கூடி நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் மூத்த ஆசான்கள் ஒருவர்க்கொருவர் கற்பித்தும் கைகோத்துப் பார்த்தும் பயின்றனர். கோ கென்கியும் அதில் பங்கு கொண்டார். அங்கே கடைவாசலில் எழுதிவைத்த வெற்றி தோல்விப் பட்டியல் ஏதும் கிடையாது. எஞ்சி நின்றது வேறொன்று. ‘நிப்பைப்போ’, அதாவது இருபத்தெட்டு அடி என்று பொருள்படும் கொக்குமுறை வரிசையை மாபுனி கோ கென்கியிடம் கற்றுத் தம் ஷித்தோ மரபில் சேர்த்தார். ஒரு தேயிலைக் கடைக்காரரின் கைவண்ணம் இன்றும் உலகெங்கும் கராத்தே கூடங்களில் ஆடப்படுகிறது.

ஆயினும் காலம் நட்புக்கு இசைவாக இல்லை. கராத்தே என்னும் சொல்லை முன்னர் ‘சீனக்கை’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதிவந்தனர். 1936ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் நாஹாவில் ஒரு செய்தித்தாளின் ஆதரவில் ஆசான்கள் கூடினர். மியாகியும் அக்கூட்டத்தில் இருந்தார். ‘வெறுங்கை’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுவதே தகும் என்று முடிவாயிற்று. ஒலி மாறவில்லை, எழுத்து மாறியது. சீனத்தின் பெயர் ஏட்டிலிருந்து நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் இரு நாடுகளுக்கும் இடையே பெரும்போர் மூண்டது. ஆயினும் மணிக்கட்டை ஒட்டிவைக்கும் அந்தப் பயிற்சி எழுத்தைக் கேட்டு நடப்பதன்று. அது மாறாமல் தொடர்ந்தது.

மூலம் யாருடையது என்னும் பெருமை நம்மையும் விட்டதில்லை. தென்னாட்டு அரசகுமாரரான போதிதருமரே சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்னும் கதை நம்மிடையே பரவியுள்ளது. போதிதருமர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று கூறுவது மெய்யே. ஆனால் அவரைப் போர்க்கலையோடு இணைக்கும் செய்தி பதினேழாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட ஏடுகளில் இல்லை. இதனை 1930இல் எடுத்துக்காட்டியவர் தாங் ஹாவ் என்னும் சீன ஆராய்ச்சியாளர். அவர் ஜப்பானில் கல்வி பயின்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. புகழ்ச்சியான பொய்யினும் கசப்பான மெய்யே தம் நாட்டுக் கலைக்குச் சிறப்பு என்று அவர் கருதினார் போலும்.

இனி, போரின் நடுவே நிகழ்ந்த ஒரு சந்திப்பைக் காண்போம். பீக்கிங் நகரம் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்த காலம். அங்கே வாங் ஷியாங்சாய் என்னும் முதிய ஆசான் ‘யீச்சுவான்’ என்னும் முறையைக் கற்பித்து வந்தார். அலங்கார வரிசைகளை ஒதுக்கி, அசையாது நிற்கும் பயிற்சியையே அடிப்படையாகக் கொண்டது அவர் முறை. அவரை நாடி வந்தவர் சவாய் கெனிச்சி என்னும் ஜப்பானியர். ஜூடோவில் ஐந்தாம் படி பெற்றவர், வாள்பயிற்சியிலும் தேர்ந்தவர்.

நடந்ததைச் சவாய் தாமே எழுதிவைத்திருக்கிறார். பிடித்தால் போதும், வீழ்த்திவிடலாம் என்று எண்ணிக் கையைப் பற்றினார். பற்றிய கணமே எறியப்பட்டார். சட்டையைப் பிடித்தும் பார்த்தார், பயன் அதுவே. ஒவ்வொரு முறையும் முதியவரின் கை அவர் மார்பில், இதயத்தின்மேல், இலேசாகப் பட்டது. வாள்வித்தையிலாவது வெல்லலாம் என்று முயன்றபோதும், கையில் ஒரு கோலோடு நின்ற முதியவரைத் தீண்ட முடியவில்லை. தம்மை மாணாக்கராக ஏற்குமாறு பின்னர் அவர் நாள்தோறும் சென்று வேண்டினார். அயல்நாட்டாரை ஏற்பதில்லை என்று மறுத்த வாங் கடைசியில் இணங்கினார்.

இதில் நாம் கருதவேண்டியவை இரண்டு. ஒன்று, தோல்வியைத் தோற்றவரே சொல்லுகிறார். வென்றவர் கூட்டம் ஏற்றிக் கூறும் கதைகள் போர்க்கலை உலகில் ஏராளம். தோற்றவர் வாக்குமூலம் அரிது. மற்றொன்று, இதயத்தின்மேல் பட்ட அந்த இலேசான தொடுகை. வந்தவன் தன் ஊரைக் கைப்பற்றிய நாட்டான். ஓங்கி அடிக்கக் காரணமும் இருந்தது, வன்மையும் இருந்தது. அடி தொடுகையாக அடங்கியதனால் அவன் பகைவனாகத் திரும்பவில்லை, மாணாக்கனாகத் திரும்பினான்.

போர் முடிந்தது. 1945ஆம் ஆண்டு ஓக்கினாவாப் போரில் மியாகியின் தலைமாணாக்கர் ஷின்சாதோ ஜின்ஆன் உயிரிழந்தார். தேயிலை வணிகர் கோ கென்கி 1940இலேயே மறைந்துவிட்டார். மியாகி 1953இலும் வாங் 1963இலும் காலமாயினர். சவாய் தாயகம் திரும்பி, 1947இல் தம் ஆசானின் முறையைத் ‘தாய்க்கிகென்’ என்னும் பெயரில் நிறுவி, டோக்கியோவில் மெய்ஜி ஆலயத்து மரச்சோலையில் பல்லாண்டுகள் கற்பித்தார். சீன ஆசானிடம் கற்றதை மறைக்கவில்லை.

தளபதி சீ ஜிகுவாங் பகைவனின் சுவடியைப் பெற்றார். நாஹாவினரும் சவாயும் ஆசானின் கையையே பெற்றனர். அரசுகள் எல்லைகளையும் எழுத்துகளையும் மாற்றின. மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்றவர்கள், எதிரே நிற்பவன் எந்த ஊரான் என்று கேளாமல், அவன் எப்பக்கம் சாய்கிறான் என்பதை மட்டுமே கூர்ந்து கேட்டார்கள். அவ்வாறு கேட்கத் தெரிந்தவர்களிடமே இரு நாட்டுக் கலைகளும் பிழைத்து வாழ்கின்றன.