ஒரு மில்லிமீட்டருக்கு அப்பால்

மாதக்கணக்கில் கரை சேராமல் கடலில் கிடக்கும் ஒரு விமானம் தாங்கிக் கப்பல். அதில் யாருக்காவது அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால் ரத்தத்துக்கு எங்கே போவது? சேமித்த ரத்தம் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அணுசக்தியில் ஓடும் கப்பல்கள் வந்துவிட்ட 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு இது நிஜமான கவலை. அதைத் தீர்க்கச் சொல்லி மேரிலாந்து மாநிலம் பெதெஸ்டாவிலுள்ள கடற்படை மருத்துவ மையத்தில் உட்கார வைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜூடா ஃபோக்மன். முப்பதைத் தொடாத வயது. ஒஹையோவைச் சேர்ந்த யூத மதகுரு ஒருவரின் மகன். ஹார்வர்டில் மருத்துவம் முடித்து, பாஸ்டனில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்தபோது கட்டாய ராணுவ சேவைக்கு இழுத்து வரப்பட்டவர்.

அவரும் ஃப்ரெடரிக் பெக்கர் என்ற சகாவும் ரத்தத்துக்குப் பதிலாக ஹீமோகுளோபின் கரைசலைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். முயலின் தைராய்டு சுரப்பியைத் தனியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதன் குழாய்களில் கரைசலை ஓடவிட்டார்கள். சுரப்பி உயிரோடிருந்தது. சும்மா உயிரோடிருந்தால் போதுமா, இதில் புதிதாக ஏதாவது வளருமா? சோதிக்க, வேகமாகப் பெருகும் புற்றுசெல்களை அதில் போட்டார்கள். வளர்ந்தன. ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் நின்றுவிட்டன. செத்துப்போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதே துளிக்கட்டிகளை எடுத்து எலிகளின் உடலில் வைத்தால், எதுவுமே நடக்காதது போல மறுபடி வளர்ந்து பெருத்தன.

கடற்படைக்கு வேண்டிய ரத்தம் இதிலிருந்து கிடைத்துவிடவில்லை. ஃபோக்மனுக்கு மட்டும் ஒரு கேள்வி கிடைத்தது. கலத்தில் ஏன் நின்றது, எலியில் ஏன் நிற்கவில்லை? இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். எலிக்குள் போன கட்டிக்குள் புது ரத்தக்குழாய்கள் நுழைந்திருந்தன.

இதில் கணக்கு எளிது. ஆக்ஸிஜன் ஒரு ரத்தக்குழாயிலிருந்து திசுவுக்குள் ஊடுருவிப் போகக்கூடிய தூரம் 0.1-லிருந்து 0.2 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டி உட்கார்ந்திருக்கும் செல்லுக்குச் சோறும் இல்லை, மூச்சும் இல்லை. உருண்டையாக வளரும் ஒரு கட்டியின் விட்டம் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்கு, கொள்ளளவோ எட்டு மடங்கு. ஓர் அளவுக்கு மேல், வெளிப்பரப்பு வழியாக வருவதை வைத்து உள்ளே இருப்பவர்களுக்குப் படியளக்க முடியாது. ஆகவே வளர நினைக்கும் கட்டி முதலில் சாலை போட்டாக வேண்டும். ஃபோக்மனின் ஊகம் இதற்கும் ஒரு படி மேலே போனது: அந்தச் சாலையைக் கட்டியே கேட்டு வாங்குகிறது, ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துக் குழாய்களைத் தன்னை நோக்கி வளர வைக்கிறது. அந்த அழைப்பைத் தடுத்துவிட்டால் கட்டி மில்லிமீட்டர் அளவிலேயே உறங்கிக் கிடக்கும்.

1971-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதை எழுதினார். அப்போது அவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். 34 வயதில் கிடைத்த பதவி அது. கட்டிகளில் குழாய்கள் வளர்வதை முதலில் பார்த்தவர் அவர் இல்லை. 1945-லேயே ஆல்ஜயர் என்பவர் எலிகளின் தோலில் கண்ணாடிச் சாளரம் பொருத்தி அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஃபோக்மன் புதிதாகச் சொன்னது, இதைத் தடுப்பதே சிகிச்சையாகலாம் என்பதை. யாரும் நம்பவில்லை. கட்டியைச் சுற்றியுள்ள குழாய்கள் வெறும் அழற்சி, காயம் பட்ட இடம் சிவப்பது மாதிரி என்றார்கள். கருத்தரங்கில் தான் பேச எழுந்ததும் பலருக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ஏன் நம்பவில்லை என்பதற்கு அவர் வைத்திருந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் கட்டியைப் பார்ப்பது அது வெளியே எடுக்கப்பட்ட பிறகு. ரத்தம் வடிந்து, வெளிறி, ஃபார்மலினில் ஊறிய ஒரு துண்டு. அறுவை மருத்துவர் பார்ப்பது உயிருள்ள கட்டியை. அது சிவந்து, சூடாக இருக்கும். கத்தி பட்டால் ரத்தம் பீறிடும். ஒரே பொருளை இரண்டு துறைக்காரர்கள் இரண்டு நிலைகளில் பார்த்திருக்கிறார்கள். மென்பொருளில் நாங்களும் இதை அனுபவிப்பதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பார்த்தவனும், அது விழுந்த பிறகு மிஞ்சிய பதிவேட்டை மட்டும் பார்த்தவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

ஃபோக்மனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருடைய ஒரு வாசகத்தைத் தொட்டுப் போவார்கள்: ஜெயித்தால் விடாமுயற்சி என்பார்கள், தோற்றால் பிடிவாதம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெயித்தவர் சொல்லும்போது மட்டுமே எடுபடும் வாசகம் அது. தோற்ற பிடிவாதக்காரர்கள் ஆயிரம் பேர் இதையே சொல்லியிருப்பார்கள், நம் காதுக்கு வரவில்லை. என்னைக் கேட்டால் அவரை வேறுபடுத்துவது பிடிவாதம் இல்லை. தன் ஊகம் பொய்யென்றால் பொய்யென்று காட்டிவிடக்கூடிய சோதனைகளை அவர் தானே கட்டிக்கொண்டே போனது.

உதாரணமாக, முயலின் கண். கருவிழியின் முன்படலமான கார்னியாவில் ரத்தக்குழாயே கிடையாது. அங்கே குழாய் முளைத்தால் அது புதிது, வேறு வியாக்கியானத்துக்கு இடமில்லை. அவருடைய குழுவில் இருந்த மைக்கேல் கிம்ப்ரோன், கண்ணின் முன்னறையிலுள்ள திரவத்தில் சிறு கட்டித்துண்டை மிதக்கவிட்டார். அது ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாமல் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. அதே துண்டை ரத்தக்குழாய் நிறைந்த ஐரிஸுக்குப் பக்கத்தில் வைத்ததும் குழாய்கள் உள்ளே புகுந்தன. இரண்டு வாரத்தில் பல ஆயிரம் மடங்கு பெருத்தது. பெதெஸ்டாவின் கண்ணாடிக் கலத்தில் பார்த்தது இப்போது உயிருள்ள உடலுக்குள். அப்புறம் கார்னியாவிலேயே சிறு பை வெட்டிக் கட்டியை வைக்கும் முறை, கோழிமுட்டைக் கருவின் சவ்வில் பார்க்கும் முறை, நுண்குழாய்ச் செல்களைத் தனியே வளர்க்கும் முறை. இன்று இந்தத் துறையில் யார் எதைச் சோதித்தாலும் இந்தக் கருவிகளின் வாரிசுகளைத்தான் தொடுகிறார்கள்.

1974-ல் ராபர்ட் லாங்கர் என்ற ரசாயனப் பொறியாளர் அங்கே வந்து சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எண்ணெய் நிறுவனங்களுக்குப் போக, இவர் மருத்துவமனைக்கு வந்தார். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் இல்லை, ஆகவே குழாயைத் தடுக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும் என்பது யோசனை. இறைச்சிக்கூடத்திலிருந்து மாட்டெலும்பு வாங்கி வந்து சுரண்டுவது வேலை. கிடைத்த புரதத்தை முயல் கண்ணில் மெல்ல மெல்லக் கசியவிட ஒரு வழி வேண்டியிருந்தது. பெரிய மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கிலிருந்து அப்படிக் கசியாது என்று எல்லோரும் சொன்னதை லாங்கர் 1976-ல் பொய்யாக்கினார். மருந்தை உடலுக்குள் நிதானமாக விடும் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி அங்கே தொடங்குகிறது. பின்னாளில் மாடர்னாவை நிறுவியவர்களில் ஒருவரும் இதே லாங்கர்தான்.

1990-களில் ஃபோக்மன் பழைய அறுவை அனுபவம் ஒன்றுக்குத் திரும்பினார். பெரிய கட்டியை வெட்டி எடுத்த சில மாதங்களில், அதுவரை தென்படாத சிறு கட்டிகள் வேறு இடங்களில் முளைப்பதுண்டு. அப்படியானால் தாய்க்கட்டியே குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் எதையோ ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்ததா? மைக்கேல் ஓ'ரெய்லி அதை எலிகளின் சிறுநீரில் தேடினார், லிட்டர் லிட்டராக. 1994-ல் ஆஞ்சியோஸ்டேட்டின், 1997-ல் எண்டோஸ்டேட்டின். எலிகளில் கட்டிகள் சுருங்கின. திரும்பத் திரும்பக் கொடுத்தும் எண்டோஸ்டேட்டினுக்கு எதிர்ப்பு உருவாகவில்லை.

1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. ஃபோக்மன் இரண்டு ஆண்டுகளில் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று டி.என்.ஏ. புகழ் ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாக அதில் இருந்தது. அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு அவர் மறுத்தார். மறுநாள் எண்ட்ரிமெட் என்ற சிறு நிறுவனத்தின் பங்கு 12 டாலரிலிருந்து 85 வரை போய் 52-ல் வந்து நின்றது. மருத்துவமனைத் தொலைபேசிகள் ஓயவில்லை. அழைத்தவர்களுக்கு மாதங்கள்தான் மிச்சமிருந்தன. கையில் இருந்த மருந்தோ எலிகளுக்கே போதாத அளவு. நீங்கள் எலியாக இருந்து உங்களுக்குப் புற்றுநோய் வந்தால் நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று ஃபோக்மன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்களே தவிர எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டே இன்னோர் இடி. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் அவருடைய முடிவுகள் திரும்ப வரவில்லை. 'என் கணினியில் ஓடுதே!' என்று நாங்கள் சொல்வோமே, அந்த நிலை. அவர் செய்தது, அவர்களைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே அழைத்ததுதான். 1999 பிப்ரவரியில், பாஸ்டனுக்கு வந்து செய்துபார்த்தபோது பலித்தது என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

எலிகளில் பலித்தது மனிதர்களில் பலிக்கவில்லை. எண்டோஸ்டேட்டின் அமெரிக்கச் சோதனைகளில் பெரிய பலன் தரவில்லை. அதன் ஒரு வடிவம் 2005-ல் சீனாவில் மட்டும் அனுமதி பெற்றது. மருந்து வந்தது வேறு வாசல் வழியாக. கட்டி அனுப்பும் அழைப்புச் சமிக்ஞைகளில் முக்கியமான வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தை ஜெனன்டெக்கில் நெப்போலியோன் ஃபெராரா 1989-ல் பிரித்தெடுத்தார். அதை மடக்கும் அவாஸ்டின் 2004 பிப்ரவரியில், பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. சோதனையில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின் 4.7 மாதம். இதை அற்பம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்து மாதத்தில் ஒரு பிள்ளையின் கல்யாணத்தைப் பார்த்துவிடலாம். குணம் என்றும் சொல்ல முடியாது. மார்பகப் புற்றுநோய்க்கு 2008-ல் கொடுத்த அனுமதியை 2011-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

என்ன ஆயிற்று? சாலையை அடைத்தால் சில கட்டிகள் வேறு சமிக்ஞை அனுப்புகின்றன. சில, புதுக்குழாய் போடாமல் நுரையீரலிலும் மூளையிலும் ஏற்கெனவே உள்ள குழாய்களை ஒட்டியே படர்கின்றன. இன்னும் சுவாரசியமானது, கான்பூர் ஐ.ஐ.டி.யில் ரசாயனப் பொறியியல் படித்து பாஸ்டனுக்குப் போன ராகேஷ் ஜெயின் சொன்னது. கட்டியின் குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டிருப்பவை. அதனாலேயே கீமோ மருந்து உள்ளே சரியாகச் சேர்வதில்லை. குழாய்த்தடுப்பு மருந்து கொஞ்ச காலத்துக்கு அவற்றைச் சீராக்குகிறது, கூடவே கொடுக்கும் மருந்து அப்போது உள்ளே போகிறது. பட்டினி போடத்தான் வந்தது. போகிற வழியில் குழாயை ரிப்பேர் செய்துவிட்டது! தாலிடோமைடு கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அது ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டிமாட்டோ 1994-ல் காட்டினார். அதை நம்பி மல்டிபிள் மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், பலித்தது. பலித்ததற்கு முக்கியக் காரணம் வேறொரு புரதம் என்று பல ஆண்டு கழித்துத் தெரிந்தது.

ஊகம் அப்பழுக்கில்லாமல் பலித்த இடம் கண். முதுமையிலும் சர்க்கரையிலும் விழித்திரையில் தாறுமாறாகக் குழாய் முளைத்து, ஒழுகி, பார்வையை அடிக்கிறது. அதே அவாஸ்டினைத் துளியளவு கண்ணுக்குள் போட்டால் குழாய்கள் வற்றுகின்றன. சர்க்கரை நோயாளியான என் பெரியப்பா மூன்று ஊசி போட்டுக்கொண்டார். 'கண்ணுல ஊசியா?' என்று முதல் நாள் அலறியவர், இப்போது பேப்பரை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறார்.

2006-ல் கண்ணுக்கென்றே லூசென்டிஸ் வந்ததையும் ஃபோக்மன் பார்த்தார். 2008 ஜனவரி 14-ம் தேதி, வான்கூவரில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்குப் போகும் வழியில், டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 74.