முதுமையடைந்த லக்ஷபானவும் மூழ்கிய மஸ்கெலியாவும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமாக விளங்குவது பட்டிப்பொல. அதற்கு மேலேயுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் ஈரத்திலிருந்து மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் நீர் பெறுகின்றன. இவற்றுள் களனியின் கிளைகளே நாட்டின் முதற் பெரும் நீர்மின் நிலையத்தை இயக்கின.

அந்த நிலையத்தைக் கனவு கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மலையருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் விளக்கினார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றுபோயிற்று. 1950இல்தான் லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. 1953இல் மறைந்த விமலசுரேந்திர அதைக் காணும் வரை வாழ்ந்திருந்தார்.

பின்னர் ஒரே நீரைப் பலமுறை பயன்படுத்தும் தொடர் உருவாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் முதலில் விமலசுரேந்திர மின்னிலையத்தையும், அடுத்துப் பழைய லக்ஷபானவையும், இறுதியில் பொல்பிட்டியவையும் இயக்குகின்றது. நடுவில் ஓர் இயந்திரம் பழுதுற்றால் அந்த நீர் அங்கே மின்சாரம் தராமலே வழிந்து போகும்.

இயந்திரங்களுக்கும் முதுமை உண்டு. நீரோடு வரும் மணல் சுழலியின் கிண்ணங்களைத் தேய்க்கின்றது. மின்பிறப்பாக்கியின் கம்பிச் சுருள்களைப் பொதிந்திருக்கும் காப்பு வெப்பத்தால் நலிகின்றது. சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய பொறிகளுக்கு உதிரிப்பாகங்கள் கிடைப்பதில்லை. ஆயினும் நீர் விழும் உயரம் தேய்வதில்லை. மலையைக் குடைந்த சுரங்கமும் நெடுங்காலம் நிலைக்கும். எனவே பழைய கட்டடத்துக்குள் புதிய சுழலியைப் பொருத்தினால் அதே நீரிலிருந்து கூடுதல் மின்சாரம் பெற முடியும். 75 மெகாவாட்டாக இருந்த பொல்பிட்டிய, 2010களில் மேற்கொண்ட புனரமைப்பால் 90 மெகாவாட் ஆயிற்று. பழைய லக்ஷபானவின் முதல் மூன்று இயந்திரங்களும் அவ்வாறே புதுப்பிக்கப்பட்டன.

இது வெறும் பொறியியற் கணக்கன்று. 1960களின் இறுதியில் மவுசாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது, அங்கு வழிபாடு நடந்த கோயிலின் சிதைவுகள் இன்றும் வெளித்தெரிகின்றன. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன; சென் கிளயர் அருவியும் மெலிந்தது. மின்கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து கொழும்புக்குச் சென்ற காலத்தில், அம்மலைகளின் லயன்களில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே. புதிய அணை ஒவ்வொன்றின் விலையிலும் மலையக மக்கள் ஒரு பங்கைச் செலுத்தியிருக்கின்றார்கள். பழைய நிலையத்தைப் புதுப்பிப்பதால் கிடைக்கும் 15 மெகாவாட்டுக்கு எந்த ஊரும் மூழ்க வேண்டியதில்லை.

பராமரிப்பு மின்னிலையத்தின் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதுமில்லை. கவனிப்பாரற்ற தேயிலைச் சரிவுகளிலிருந்து கரையும் மண் குளங்களில் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கின்றது. சுழலியைத் தேய்க்கும் மணலும் அங்கிருந்தே வருகின்றது. மலைச்சரிவில் கான் வெட்டி மண்ணைக் காக்கும் தோட்டத் தொழிலாளியும் மின்னிலையத்தைப் பேணுபவரே. புனரமைப்புக்கு நிதி ஒதுக்குவோர் அந்த உழைப்பையும் கணக்கிற் சேர்ப்பதே முறை.