காத்தாடி ஊரில் கரண்ட் இல்லாத காலம்

2012 ஐப்பசியில் எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வாங்கிப் போடச் சொன்னார் மருத்துவர். அதற்கு ஒரு சின்ன மோட்டார் உண்டு. ஓயாமல் ஓடி மெத்தைக்குள் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் மெத்தை மெல்லச் சூம்பிவிடும். அந்த மாதங்களில் நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே கரண்ட் இருக்காது. உங்களுக்கும் மறந்திருக்காது. நானும் என் மனைவியும் முறை வைத்துக்கொண்டு அம்மாவைப் புரட்டிப் போடுவோம், பனையோலை விசிறியால் வீசுவோம்.

மாடியில் ஏறி நின்றால் நாலு திசையிலும் காத்தாடி. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருநாள் கீழே இருந்தே கேட்டார்: “என்ன சார்வாள், காத்தாடிய நம்ம தலைக்கு மேல நட்டு வச்சிருக்கான். கரண்ட மட்டும் எங்க கொண்டு போறான்?”

முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நம் வட்டாரத்துக்கு மின்சாரம் முதலில் தண்ணீரிலிருந்து வந்தது. நீலகிரியில் பைக்காரா 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. தாமிரபரணிக்கு மேலே பாபநாசம் மின் நிலையம் உலகப்போருக்கு நடுவில், 1944-ல் வந்தது. மலையில் மழை பொய்த்தால் கரண்டும் குறையும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தூத்துக்குடியில் நிலக்கரி. 1974-ல் புதுத் துறைமுகம் திறந்தார்கள். அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓடியது. 1992 வாக்கில் ஐந்து அலகும் சேர்ந்து 1,050 மெகாவாட். ஒரிசாவிலும் வங்காளத்திலும் இருந்து கரியைக் கப்பலில் கொண்டு வருவதற்கென்றே பூம்புகார் கப்பல் கழகம் இருந்தது. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று அதன் கப்பல்களுக்குப் பெயர். கரிக் கப்பலுக்கு அத்தனை பெரிய பெயர்கள்! தூத்துக்குடிக்காரர்களுக்கு அது வெளிச்சம் தந்ததோடு சாம்பலையும் தந்தது.

காற்று வந்த கதை அதற்குப் பிறகு. 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் மின் வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நட்டது. குஜராத்தில் ஓகாவிலும், மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரிப் பக்கமும் அதே வருஷம் வந்தன. நாட்டிலேயே முதல் காற்றாலைப் பண்ணைகள் இவைதான். ஒவ்வொரு எந்திரமும் 55 கிலோவாட். (நம் மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து வ.உ.சி. பெயரைப் பெற்றதும் அதே 1986-ல்தான்.) கடற்கரையைவிட மலைக் கணவாய்க்கு நேரே இருக்கிற நிலத்தில் காற்று பலம் என்று தெரிந்தபின், டென்மார்க் அரசின் உதவியோடு முப்பந்தலிலும் நம் கயத்தாற்றிலும் பெரிய எந்திரங்கள் எழுந்தன. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நேரே நம் கரிசலில்தான் வந்து விழுகிறது. பருத்திக்கும் உளுந்துக்கும் உதவாத அந்தக் காற்று, முதல்முதலாக ஒரு விலை பெற்றது. நான் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். அந்த 200 கிலோவாட் காத்தாடியை அன்றைக்கு அண்ணாந்து பார்த்தோம். இன்றைக்கு நிற்கிற இரண்டு மெகாவாட், மூன்று மெகாவாட் எந்திரங்களுக்கு முன்னால் அது பச்சைப் பிள்ளை. இப்போது நாட்டுக்கே காற்றாலைகளைச் சோதித்துச் சொல்லும் நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று மட்டும் அறியப்பட்ட நமக்கு அது இரண்டாவது பெயர்.

இனி அண்ணாச்சி கேட்ட கேள்வி.

முதலாவது, நம் காத்தாடி நமக்காகச் சுற்றவில்லை. தொண்ணூறுகளில் மத்திய அரசு காற்றாலை முதலீட்டுக்கு, முதல் வருஷமே முழுத் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சலுகை கொடுத்தது. நூற்பாலைக்காரர்களும் சிமெண்ட் கம்பெனிக்காரர்களும் இங்கே நிலம் வாங்கி நட்டார்கள். காற்று அடிக்கிற மாதங்களில் உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்திடம் கணக்கில் போட்டு வைத்துக்கொண்டு, காற்று இல்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ‘பேங்கிங்’ என்றே பெயர். பணத்தைப் போட்டு வைக்கலாம். மின்சாரத்தை அப்படிப் பெட்டியில் வைக்க முடியுமா? ஆடியில் போட்ட யூனிட் ஆடியிலேயே செலவாகிவிடும். மாசியில் அவர்கள் கேட்கும்போது வாரியம் எங்கேயாவது கரி எரித்துத்தான் கொடுக்க வேண்டும். அதாவது ஆலைக்குக் காத்தாடி, காத்தாடிக்குப் பேக்கப் வாரியம். வாரியத்துக்குப் பேக்கப் யார்? வீட்டு விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்த நாம்தான் என்று எனக்குத் தோன்றும். ஆலைகளும் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் உயரழுத்த இணைப்புகளுக்கு நாற்பது சதவீதம் வெட்டு விழுந்தது.

இரண்டாவது, காற்று வைகாசிக் கடைசியில் எழுந்து புரட்டாசியோடு படுத்துவிடும். நொடிக்கு மூன்று நான்கு மீட்டர் வேகமாவது இல்லாவிட்டால் இறக்கை சுற்றியும் பயனில்லை. அம்மா படுக்கையில் கிடந்தது ஐப்பசியில். மாடியிலிருந்து பார்த்த காத்தாடிகள் பாதிக்கு மேல் அசையாமல் நின்றன.

மூன்றாவதுதான் அண்ணாச்சிக்கு நம்ப முடியாமல் போனது. காற்று நன்றாக அடித்தாலும், லைனில் கரண்ட் இல்லையென்றால் அந்தக் காலத்துக் காத்தாடி ஓடாது. அதன் ஜெனரேட்டருக்குள் காந்தப்புலம் உண்டாக வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். லைன் செத்தால் பிரேக் விழுந்து இறக்கை நின்றுவிடும். “அப்ப அதுவும் கடன் வாங்கித்தான் சம்பாதிக்குது” என்றார் அண்ணாச்சி. அதைவிட நன்றாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

ஆகக் காற்றுக்குத் துணையாக, கூப்பிட்ட நேரத்தில் எழுந்து வரும் மின் நிலையம் வேண்டும். நிலக்கரி அலகு குளிர்ந்துவிட்டால் திரும்பச் சூடேறி ஓடப் பல மணி நேரம் ஆகும். எண்ணெய் எந்திரம் சீக்கிரம் எழும். மதுரைப் பக்கம் சமயநல்லூரில் 106 மெகாவாட்டுக்கு உலை எண்ணெயில் ஓடும் தனியார் நிலையம் 2001-ல் வந்தது. யூனிட் விலைதான் கையைக் கடித்தது. எல்லாவற்றிலும் நல்லது வால்பாறை மலையில் உள்ள காடம்பாறை: மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுப்பது. எண்பதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது. அதே முறையில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை தொடங்கினார்கள். அது வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு போனது. காத்தாடி நடுவதற்குக் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கை அதில் காட்டியிருந்தால் 2012 அப்படி இருந்திருக்காது. வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால், தென்னகத்தின் மின்தொகுப்பு தேசத் தொகுப்போடு முழுதாக இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான்.

அப்போது கூடங்குளத்தில் முதல் அலகு தயாராகி நின்றது. இடிந்தகரைச் சனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடையில் நாங்களெல்லாம் “சீக்கிரம் திறந்து தொலைக்கட்டும்” என்றுதான் பேசினோம். நானும் சொன்னேன். அம்மாவின் மெத்தை சூம்பிக் கிடக்கும்போது அந்த மீனவர்களின் பயம் என் காதில் ஏறவில்லை. இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வேறு மாதிரிப் பேசியிருப்பேனா என்றால், தெரியாது. 2013 அக்டோபரில் அது தொகுப்பில் சேர்ந்தது. அம்மா அதற்கு முன்பே தை மாதத்தில் போய்விட்டாள்.

இப்போது தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நம் கரிசலில் சூரியத் தகடும் பரவிக்கிடக்கிறது. பகலில் மிச்சம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தட்டுப்பாடு என்று கதை மாறியிருக்கிறது. பெரிய பேட்டரி நிலையங்கள் வைத்து ஈடு கட்டப் போகிறார்கள். அவை நம் ஊர்ப் பக்கம் வருமென்றால் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்: தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு, லைன் செத்தால் முதலில் நம் ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணீர் மோட்டாருக்கும் அது கரண்ட் கொடுக்குமா? காத்தாடி வந்தபோது நாம் ஒன்றுமே கேட்கவில்லை.

2012 கார்த்திகையில் கடன் வாங்கி ஒரு இன்வெர்ட்டர் வாங்கினேன். மாடிப்படிக்குக் கீழே இன்னும் இருக்கிறது. மூன்று முறை பேட்டரி மாற்றியாயிற்று. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன்.