லீஷ்மானியா டோனவானி: ஒரு பெயரின் வரலாறு

உயிரியல் பாடநூலில் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் படிக்கும்போது 'லீஷ்மானியா டோனவானி' என்ற பெயரை நீங்கள் கண்டிருக்கலாம். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றும் இருக்கலாம். சற்று நில்லுங்கள். அந்தப் பெயருக்குள் இரண்டு மருத்துவர்கள் இருக்கின்றனர். ஒருவர் இங்கிலாந்தில் ஆய்வு செய்தவர். மற்றவர் நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றியவர்.

காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் கொடிய நோய். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காய்ச்சல் நீடிக்கும், உடல் மெலியும், இரத்தம் குன்றும், மண்ணீரல் வயிறு புடைக்கும் அளவுக்கு வீங்கும். சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலோர் இறந்துவிடுவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஸ்ஸாமில் இந்நோய் ஊர் ஊராகப் பரவியது. இது முற்றிய மலேரியா என்றே பல மருத்துவர்கள் எண்ணினர். ஆனால் மலேரியாவைத் தணிக்கும் கொயினா இதனிடம் பலிக்கவில்லை.

இரு நுண்ணோக்கிகள்

கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணிபுரிந்த படைவீரர் ஒருவர் இந்நோயுடன் இங்கிலாந்து திரும்பி, நெட்லி இராணுவ மருத்துவமனையில் 1900-இல் இறந்தார். அவருடைய மண்ணீரலிலிருந்து எடுத்த பூச்சை வில்லியம் லீஷ்மன் நுண்ணோக்கியில் பார்த்தார். முட்டை வடிவில் எண்ணற்ற சிறு உருக்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவே இருந்தது. உள்ளே பெரிதும் சிறிதுமாக இரு புள்ளிகள். இவை என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. ஆகவே வெளியிடாமல் வைத்திருந்தார்.

பின்னர், டிரிப்பனசோம் என்னும் ஒட்டுண்ணி தாக்கி இறந்த வெள்ளெலியில் இவற்றை ஒத்த சிதைந்த உருக்களைக் கண்டார். 'இந்தியாவிலும் டிரிப்பனசோம் நோய் இருக்கக்கூடும்' என்ற கருத்துடன், 1903 மே 30-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கட்டுரை வெளியிட்டார்.

சென்னையில் சார்லஸ் டோனவான், 1903 ஏப்ரலிலேயே இறந்த நோயாளியின் மண்ணீரலில் அதே உருக்களைக் கண்டிருந்தார். லீஷ்மனின் கட்டுரை வந்தபின், ஜூனில், உயிருடன் இருந்த சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த இரத்தத்திலும் அவற்றைக் கண்டார். எனவே அவை இறப்புக்குப் பின் சிதைந்து தோன்றியவை அல்ல என்பது உறுதியாயிற்று. ஜூலை 11-இல் அவர் கட்டுரையும் அதே இதழில் வெளிவந்தது.

யார் முதல்வர்?

லீஷ்மன் பார்த்தது முன்பு, அச்சேற்றியதும் முன்பு. ஆனால் அவர் கூறிய விளக்கம் தவறு. டோனவான் காட்டிய சான்று வலிமையானது. கட்டுரையோ ஆறு வாரம் பிந்தியது. முதன்மை யாருக்கு என்ற விவாதம் எழுந்தது. டோனவானின் கண்ணாடித் தகடுகளைப் பாரிசில் ஆராய்ந்த லாவரானும் மெஸ்னிலும், இவ்வுயிரியைப் பைரோபிளாஸ்மா என்ற பேரினத்தில் சேர்த்து, சிற்றினப் பெயராக 'டோனவானி' என்பதைச் சூட்டினர். மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், இது முற்றிலும் புதிய பேரினம் என்று 1903 நவம்பரில் அறிவித்து, அதற்கு 'லீஷ்மானியா' என்று பெயரிட்டார். சிற்றினப் பெயர் அப்படியே நின்றது. இவ்வாறு இருவரும் ஒரே பெயரில் இணைந்தனர்.

படிக்கப்படாத கட்டுரை

இக்கதையில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு. தாஷ்கண்டில் பணியாற்றிய ரஷ்ய மருத்துவர் போரோவ்ஸ்கி, தோலில் புண் உண்டாக்கும் லீஷ்மானியா இனத்தை 1898-இலேயே விவரித்துவிட்டார். ஆனால் அவர் எழுதியது ரஷ்ய மொழியில், இராணுவ மருத்துவ இதழ் ஒன்றில். மேலைநாட்டு அறிஞர் கண்ணில் அது படவில்லை. 1938-இல்தான் ஹோர் என்ற ஆய்வாளர் அதை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தார். அதற்குள் பெயர்கள் நிலைத்துவிட்டன.

அச்சான கட்டுரைகளின் பயன் புகழோடு நிற்கவில்லை. ஒட்டுண்ணி இன்னதெனத் தெரிந்ததும் மற்றவர்கள் தொடர்ந்தனர். 1904-இல் லியோனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் இதைச் சோதனைக் குழாயில் வளர்த்து, கசையிழையுடன் நீந்தும் வடிவைக் கண்டார். உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் மருந்து பற்றிய கட்டுரை 1922-இல் வெளிவந்தது. எண்ணற்ற உயிர்களை அம்மருந்து காத்தது. மணல் ஈயே நோயைப் பரப்புகிறது என்பதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் மெய்ப்பித்தனர். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை நீக்கிய முதல் நாடாக வங்கதேசத்தை 2023-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது.

மாணவர்களே, லீஷ்மனின் விளக்கம் பொய்த்தது. ஆயினும் அவர் கண்டதைக் கண்டபடி எழுதியதால்தான் சென்னையில் ஒருவர் தாம் கண்டதன் பொருளை உணர்ந்தார். போரோவ்ஸ்கியின் விளக்கம் சரியானது. படிப்போர் இல்லாமையால் நாற்பது ஆண்டுகள் உறங்கியது. உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நாளைக் குறிக்க மறவாதீர்கள். கண்டதை எழுதுங்கள், எழுதியதைப் பிறர் படிக்கும்படி செய்யுங்கள். பிறமொழியில் எழுதப்பட்டதைத் தேடிப் படித்துத் தம் மக்களுக்குச் சொல்பவரும் அறிவியலுக்குத் தொண்டு செய்பவரே.