மறியலும் கட்டாக்காலி நாயும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து

1981இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பர்டி பெண்கள் சிறையில், பின்னாளில் சகோதரி பாலின் குவின் என்று அறியப்பட்டவரும் கால்நடை மருத்துவர் லியோ பஸ்டாடும் காப்பக நாய்களைக் கைதிகளிடம் ஒப்படைத்துப் பழக்கவைத்தார்கள். அதன் பின் வந்த எழுத்துகள் பெரும்பாலும் நாய் கைதியின் மனத்தை இளக்கிய கதையையே சொல்கின்றன. பொய்யல்ல, ஆனால் சான்று மெலிந்தது. நன்னடத்தைக் கைதிகளாகப் பார்த்து நாயைக் கொடுத்துவிட்டு, அவர்கள் மறுபடி உள்ளே வரவில்லை என்று காட்டினால் அந்தப் புண்ணியத்தை நாயின் கணக்கில் எழுதமுடியாது.

இலங்கையின் ஊவாவில் கேள்வியே வேறு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்க்குச் சொந்தக்காரர் உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஒரு காம்பிராவில் சோறு, அடுத்த காம்பிராவின் இஸ்தோப்பில் உறக்கம், மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வந்தால் ஊருக்கே குரைப்பு. கழுத்தில் கயிறு ஏறியதே இல்லை. தடுப்பூசிக்காரர் வந்தால் தேயிலைக்குள் இறங்கிவிடும். விசர்நாய்க்கடியின் பரவல் அறுபட, நாய்களில் 70 வீதத்துக்காவது ஊசி ஏறவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1893ஆம் ஆண்டு விசர்நாய்க்கடிச் சட்டம் கட்டாக்காலிகளைக் கொல்ல வழிவைத்தது; 2006 முதல் அரசு கொல்வதை விட்டு, ஊசிக்கும் கருத்தடைக்கும் மாறியது. கொல்வதற்குத் துவக்கு போதும். ஊசிக்கோ நாய் நம்புகிற ஒரு கை வேண்டும். அந்தக் கையைப் பழக்குமிடமாகச் சிறை இருக்கலாம் என்பதே என் வாதம்.

அமெரிக்க மாதிரியை அப்படியே இங்கு இறக்கமுடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி நாயைப் பழக்க ஓராண்டுக்கு மேலாகும். நம் சிறைகளிலோ பெரும்பாலோர் விளக்கமறியலில் இருப்பவர்கள். அவர்களை வேலைக்குக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தண்டனை பெற்று வருவோரிலும் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சில வாரமோ மாதமோ இருந்துவிட்டுப் போகிறவர்கள். ஆகவே பாடமும் சின்னதாக இருக்கவேண்டும்: கயிற்றுக்குப் பழக்குவது, கையிலிருந்து தின்ன வைப்பது, வாயையும் காதையும் தொட விடுவது, ஊசிக்கு அசையாமல் நிற்க வைப்பது. நெரிசல் மிகுந்த மதிலுக்குள் இது நடவாது. பதுளை மாவட்டத்திலேயே உள்ள தல்தென இளங்குற்றவாளிகள் சீர்திருத்த நிலையம் பொருத்தமானது. அதிகாரிகள் கடத்தலுக்கு அஞ்சுவார்கள். 2020இல் வெலிக்கடைச் சிறையில் ஹெரோயினும் சிம் அட்டைகளும் கட்டியிருந்த பூனையொன்று பிடிபட்டு, பின்பு தப்பியும் ஓடியது. அச்சம் வீணல்ல, நாயைச் சோதித்தே உள்ளே விடவேண்டும்.

நாயின் பக்கமும் ஒன்று உண்டு. பழகியவன் விடுதலையாகிப் போனால் அது மீண்டும் கைவிடப்பட்டதாகிவிடும். ஒரு நாய்க்கு இருவர் வேண்டும், அவர்களின் விடுதலைத் தேதிகள் தள்ளித் தள்ளி வரவேண்டும். பழக்குபவருக்கும் முற்கூட்டியே ஊசி போட்டிருக்கவேண்டும்.

பசறைக்கோ லுணுகலைக்கோ திரும்பும் இளைஞனை லயம் மறியலுக்குப் போனவன் என்றே பார்க்கும். ஊசி நாளில், தேயிலைக்குள் ஓடிய நாயை அவன் கூப்பிட்டு நிறுத்துகிறானா? மனநல வினாத்தாளைவிட, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஊசிப் பதிவேட்டிலேயே நான் பலனைத் தேடுவேன். தல்தெனையில் பயின்றவர்கள் திரும்பிய தோட்டங்களை மற்றத் தோட்டங்களோடு ஒப்பிடலாம். நன்னடத்தைத் தேர்வினால் வரும் பிழை அங்கே அவ்வளவாகக் குறுக்கிடாது.